யாரும் எதையும் அழுத்தாவிட்டால் என்ன நடக்கும்?

(நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் நடந்த ஞாயிறு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் பற்றிப் பேச்சு என்றால் பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தேன். நாற்காலி போதாமல் செக்யூரிட்டி அறையிலிருந்து எடுத்து வர வேண்டியிருக்கிறது. உங்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியோடு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும்: "விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டுமா?" வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம்.

டீஃபால்ட். இதைக் கேட்டதும் நம் சங்கத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டும் மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியல்தான். அது வேறு டீஃபால்ட். பொருளாளர் பதற வேண்டாம். கம்ப்யூட்டரில் டீஃபால்ட் என்றால், நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் கருவி உங்களுக்காக எடுத்துக்கொள்ளும் முடிவு. தமிழில் இயல்புநிலை என்றும் முன்னிருப்பு என்றும் எழுதுகிறார்கள். நான் டீஃபால்ட் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நம் லிஃப்டையே பாருங்கள். கரண்ட் போனால் என்ன ஆகிறது? ஏ.ஆர்.டி. என்ற பேட்டரி அமைப்பு இருப்பதால், பெட்டி மெதுவாகப் பக்கத்துத் தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே இருப்பது ஏழு வயதுப் பையனாக இருக்கலாம், 80 வயதுப் பாட்டியாக இருக்கலாம். யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர் பயந்திருப்பார், என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்து ஒருவர் எடுத்த முடிவு அது.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாற்றும் கருவியும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் திரையில் கேள்வி வரும்போது பதில் தெரிந்தவர் நம் வீட்டில் இருக்க மாட்டார். பெண்ணோ பையனோ பெங்களூரிலோ டல்லாஸிலோ இருப்பார்கள். நாம் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அழுத்திக்கொண்டே போவோம். ஆகவே அந்தக் கருவியை எழுதியவர் எதை டீஃபால்ட் ஆக வைத்தாரோ அதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும்.

இது வெறும் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-ல் உடல் உறுப்பு தானம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஜெர்மனியில் ஒப்புதல் கொடுத்தவர்கள் சுமார் 12 சதவீதம். பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல். ஜெர்மானியர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஜெர்மனியில் 'தர விரும்புகிறேன்' என்று தெரிவிக்க வேண்டும், ஆஸ்திரியாவில் 'விரும்பவில்லை' என்று தெரிவிக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் சங்கத்திலும் இந்த வித்தை உண்டு. "ஏழு நாட்களுக்குள் ஆட்சேபம் வராவிட்டால் ஒப்புதல் அளித்ததாகக் கொள்ளப்படும்" என்று சுற்றறிக்கை வரும். பார்க்கில் செடி நடுவதற்கு அப்படிக் கேட்டால் சரி. கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு அப்படிக் கேட்டால் சும்மா இருப்போமா?

2016-ல் மைக்ரோசாஃப்ட் ஏறக்குறைய அப்படித்தான் கேட்டது. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29 அன்று. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு இலவசம் என்றார்கள். முதலில் அழைப்பு மாதிரி ஒரு சின்னப் படம் திரையின் ஓரத்தில் வந்தது. 2016 பிப்ரவரியில் அதைப் 'பரிந்துரைக்கப்பட்ட' அப்டேட் வரிசைக்கு மாற்றினார்கள். அந்த வரிசையில் இருப்பவை பல கணினிகளில் கேட்காமலே இறங்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. அதன் பிறகு ஒரு பெட்டி வந்தது: இன்ன தேதி, இன்ன நேரத்தில் உங்கள் கணினி மாற்றப்படும் என்று. வலது மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. இத்தனை வருடமாக அந்தக் குறியை அழுத்தினால் என்ன அர்த்தம்? "வேண்டாம், போ" என்றுதான். இந்தப் பெட்டியில் மட்டும் அதை அழுத்தினால் "சரி, அந்தத் தேதியில் செய்துகொள்" என்று அர்த்தம். காலையில் எழுந்து பார்த்தால் கணினி வேறு முகத்தோடு நிற்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு பயண முகவர், தன் அலுவலகக் கணினி இப்படி மாறிச் செயலிழந்து வியாபாரம் கெட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். அந்த ஜூன் கடைசியில் மைக்ரோசாஃப்ட் பெட்டியை மாற்றியது. சிவப்புக் குறிக்குப் பழைய அர்த்தம் திரும்பி வந்தது.

என்னைக் கேட்டால், நாலு நாள் வியாபாரம் போனதைவிட இதில் பெரிய சேதம் வேறு. அந்த எரிச்சலில் அப்டேட் என்ற வார்த்தையே பிடிக்காமல் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தவர்கள் உண்டு. நிறுத்தி வைப்பதன் ஆபத்து என்ன என்பதை அடுத்த வருடமே உலகம் பார்த்தது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் போடாமல் வைத்திருந்த கணினிகள்தான் மாட்டிக்கொண்டன.

அதனால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தம், குழாயில் வாஷர் மாற்றுவது மாதிரி. அது கேட்காமலே நடப்பதுதான் நல்ல டீஃபால்ட். அதை யாரும் நிறுத்தி வைக்காதீர்கள், "தொந்தரவாக இருக்கு" என்று டெக்னீசியனிடம் சொல்லி நிறுத்தவும் வைக்காதீர்கள். பதிப்பு மாற்றுவது, அதாவது அப்கிரேட், சமையலறையையே பெயர்த்துக் கட்டுவது மாதிரி. அதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பதில் வராவிட்டால் "இல்லை" என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டுச் செய்தாலும் கருவி தவறலாம். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த அரையாண்டு அப்கிரேட் சிலருடைய டாக்குமென்ட்ஸ் கோப்புகளை அழித்துவிட்டது. யாருக்கு என்று கேளுங்கள், அதுதான் வேடிக்கை. சி டிரைவ் நிரம்பிவிட்டதே என்று டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றியவர்கள் சிலருக்கு. பழைய இடத்திலும் கொஞ்சம் கோப்புகளை விட்டு வைத்திருந்தார்கள். கருவி பார்த்தது: புது இடம் ஒன்று இருக்கிறது, ஆகவே பழையது வெற்று நகல். துடைத்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வீடு மாறிப் போனவரின் பழைய ஃபிளாட்டில் பரணில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுத்தம் செய்துவிட்டது போல. சில நாட்களிலேயே அந்த அப்கிரேடை நிறுத்தினார்கள். திருத்தி மீண்டும் வெளியிட நவம்பர் 13 ஆனது. அவசரப்படாமல் ஒரு மாதம் தள்ளிப் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தள்ளிப் போடுவதையே டீஃபால்ட் ஆக வைத்திருக்கும் ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். அங்கே உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பைத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். அதில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். ஆனால் பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு "வா, மாறு" என்ற அழைப்பு ஏப்ரலில் வராது. முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் வரும், வழக்கமாக ஆகஸ்ட் வாக்கில். புதுக் கட்டடத்தில் முதல் மழைக்காலம் முடியட்டும், எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்த பிறகு குடிபோகலாம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே கணக்கு. அவசரக்காரர் இப்போதே வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் அவர் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

அதே கருவியில் இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஓர் அமைப்புக் கோப்பை நீங்கள் கையால் திருத்தி வைத்திருக்கிறீர்கள். புதிய பதிப்போடு அந்தக் கோப்பின் புது நகலும் வருகிறது. எதை வைப்பது? கருவி கேட்கும். நீங்கள் யோசிக்காமல் என்டர் தட்டினால், உங்களுடையதையே வைத்துக்கொள்ளும். மெனக்கெட்டு மாற்றியிருக்கிறார் என்றால் காரணம் இருக்கும் என்ற மரியாதை அது. தொலைவிலிருந்து ஒரு சர்வரை அப்கிரேட் செய்தால், நடுவில் இணைப்பு அறுந்து வெளியே பூட்டிக்கொண்டுவிடக் கூடாதே என்று 1022 என்ற எண்ணில் உபரியாக ஒரு கதவையும் திறந்து வைக்கும். வெளியிலிருந்து சேர்த்த மென்பொருள் கடைகளையெல்லாம் அப்கிரேட் முடியும்வரை மூடிவைக்கும். இதில் ஒரு குறையும் உண்டு: முடிந்த பிறகு அவற்றை நாமேதான் திறந்துவிட வேண்டும். மறந்தால் அந்த மென்பொருள்களுக்கு அப்டேட் வராமல் மாதக்கணக்கில் கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களிலும் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-ல் தொடங்கி, பல போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை இரண்டு அறையாகக் கட்டியிருக்கிறோம் அல்லவா, ஒன்றைக் கழுவும்போது மற்றதிலிருந்து தண்ணீர் வருகிற மாதிரி? அதேதான். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மறு அறையில் புதிய பதிப்பு ஏறும். மறுபடி ஆன் செய்யும்போது புதியதிலிருந்து ஓடும். புதியது எழுந்து நிற்கவில்லை என்றால் பழைய அறைக்கே தானாகத் திரும்பிவிடும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. முடிந்தது என்றால் கணினி நின்றுபோகாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோகும். வானாக்ரை கதையை இதற்காகத்தான் சொன்னேன். விண்டோஸ் 11-க்கு மாறுவது இலவசம், ஆனால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். இல்லாவிட்டால் கருவி மறுத்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ லேப்டாப்புகளை இந்த விதி வெளியே தள்ளுகிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறுக்கப்பட்டவர்களுக்கு அவகாசம் இருக்கிறது: வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வாங்கிக்கொள்ள, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். உங்கள் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் கிடையாது. ஆனால் பதிவு தானாக நடக்காது. இங்கே ஒன்றும் செய்யாமல் இருந்தால் பாதுகாப்பு இல்லை என்பதுதான் டீஃபால்ட். அந்தத் தேதிக்குப் பிறகு பிரவுசரும் மெயிலும் மட்டும் பார்ப்பவர்கள் லினக்ஸுக்குப் போகலாம். கணினியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை.

மாற முடிகிறவர்கள் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10-க்குள்ளிருந்து அப்கிரேடைத் தொடங்கினால், கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள் என்பதுதான் டீஃபால்ட். நல்ல டீஃபால்ட். ஆனால் வீட்டுக்கு வரும் டெக்னீசியன் பென்டிரைவைச் செருகி, கணினியை அதிலிருந்து பூட் செய்து போடுவார். அவருக்கு அதுதான் வேகம். அந்த வழியில் "வைத்துக்கொள்" என்ற தேர்வு கிடையாது, பழைய மென்பொருள்கள் எதுவும் மிஞ்சாது. ஆகவே அவர் பென்டிரைவை எடுத்தவுடன் கேளுங்கள்: "உள்ளிருந்து செய்கிறீர்களா, பூட் செய்து போடுகிறீர்களா?" இரண்டாவது என்றால், புகைப்படங்கள் தனி ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன என்று நீங்களே திறந்து பார்த்த பிறகு அனுமதியுங்கள். "டி டிரைவுக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்பார். பெரும்பாலும் ஆகாது. என்றாலும் திறந்து பாருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பலாம். அதற்கு 10 நாள் அவகாசம், அதன்பின் பழைய பதிப்பைக் கணினி தானே அழித்துவிடும். விண்டோஸ் 10 முதலில் வந்தபோது இது 30 நாளாக இருந்தது, பிறகு குறைத்துவிட்டார்கள். இடத்தை அடைக்கிறது என்பது காரணம். மாதம் ஒருமுறை மட்டும் பிரிண்டரைத் தொடுகிறவருக்கு 10 நாள் எப்படிப் போதும்? அதனால் மாற்றிய மறுநாளே எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிரிண்டர், ஸ்கேனர், வங்கித் தளம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், தமிழ் தட்டச்சு.

இடையில் பி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார்: "என் படமெல்லாம் தானாகவே ஒன்டிரைவில் போய்விடுகிறதே, அதுதானே பேக்கப்?" நல்ல கேள்வி. புதிய விண்டோஸில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவில் ஏற்றும்படி அமைவது இப்போது சாதாரணமாகிவிட்டது. இலவச இடம் 5 ஜி.பி. பேரன் பிறந்தநாள் வீடியோ நாலு ஏற்றினால் நிரம்பிவிடும், பிறகு எதுவும் ஏறாது. தவிர, அங்கே இடம் பண்ணலாம் என்று ஒரு படத்தை அழித்தால் இங்கே கணினியிலும் போய்விடும். அது ஒரே பொருளின் இரண்டு சாவி. பேக்கப் என்றால் தனியாக, பீரோவில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறொன்று. விண்டோஸ் 11-ன் 24 எச் 2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் வட்டு முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடும். லேப்டாப் திருடுபோனாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது. நோக்கம் நல்லது. ஆனால் ஏதாவது பழுதானால் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி எந்தக் கணக்கில் நுழைந்தீர்களோ அந்தக் கணக்கில் இருக்கும். டெக்னீசியன் "உங்க மெயில் பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லையா, பரவாயில்லை" என்று தன் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால், உங்கள் வீட்டுச் சாவி அவர் சட்டைப் பையில். அவர் நல்லவராகவே இருக்கட்டும். இரண்டு வருடம் கழித்து அவர் எண் மாறியிருக்கும். ஆகவே கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும், சாவியை அச்சிட்டுப் பத்திரங்களோடு வைக்க வேண்டும். செட்டிங்ஸில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கும். ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இதை வீட்டுக் கணினிக்கு மட்டும் சொல்லவில்லை. சங்க அலுவலகக் கணினியும் விண்டோஸ் 10-தான். மெயின்டனன்ஸ் கணக்கு, வாடகைதாரர் விவரம், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தீர்மானங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. நிர்வாகிகள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிறார்கள். இந்தக் கணினி ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகி, அவர் பதவி முடிந்து ஃபிளாட்டை விற்றுவிட்டுப் போய்விட்டால், வட்டின் சாவியும் அவரோடு போய்விடும். செயலாளரிடம் இரண்டு கோரிக்கை வைத்திருக்கிறேன். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சலில் மட்டும் அந்தக் கணினி பதிவாக வேண்டும். அப்கிரேடுக்கு முன் முழு நகலும், அச்சிட்ட சாவியும் பொருளாளரின் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்கச் சொல்லியிருக்கிறேன், இல்லையென்றால் 2009 தீர்மானங்கள் கொக்கி கொக்கியாகத் தெரியும்.

வரும் சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை நானும், ஏ பிளாக்கிலிருந்து இரண்டு கல்லூரி மாணவர்களும் இதே கூடத்தில் இருப்போம். அப்கிரேட் செய்து தரமாட்டோம். உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11 தாங்குமா, யார் கணக்கில் இருக்கிறது, பூட்டியிருக்கிறதா, சாவி எங்கே என்பதைப் பார்த்துச் சொல்வோம். ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் எடுத்து வந்தால் நகல் எடுப்பதையும் காட்டித் தருகிறோம். சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள், கூடத்தில் பிளக் பாயின்ட் ஆறுதான், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யாராவது கொடுத்தால் உதவியாக இருக்கும்.